லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கி பீசா, லூக்கா, ஃபிளாரன்ஸ் பார்ப்பது எப்படி? கப்பல் பயணிகளுக்கான ஒருநாள் வழிகாட்டி

மேற்கு மத்தியதரைக் கடலில் ஓடும் சொகுசுக் கப்பல்களின் பயண அட்டவணையில் ஒரு நாளுக்கு நேரே "ஃபிளாரன்ஸ் / பீசா" என்று போட்டிருப்பார்கள். கப்பல் போய் நிற்பதோ இத்தாலியின் லிவோர்னோ என்ற துறைமுக நகரத்தில். அங்கிருந்து பீசா சுமார் 20 கிலோமீட்டர். லூக்கா அதையும் தாண்டி உள்நாட்டில் இருக்கிறது. ஃபிளாரன்ஸ் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலை ஏழு, எட்டு மணிக்குக் கரை சேரும் கப்பல் மாலை ஆறு, ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பதினோரு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதை முதல்முறை போகிறவர்கள் ஊரிலேயே தீர்மானித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

கப்பல் நிறுவனமே பேருந்தில் கூட்டிப்போய்க் காட்டும் சுற்றுலா உண்டு. அதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். ஆனால் விலை அதிகம், நேரமும் உங்கள் கையில் இருக்காது. சொந்தமாகப் போனால் லிவோர்னோவிலிருந்து பீசாவுக்கு ரயில் கட்டணம் ஒரு வழிக்கு மூன்று யூரோவை ஒட்டித்தான் வரும், பயணம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிய தொகை.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை வருகிறவர்கள் காலையில் பீசா, மதியத்துக்கு மேல் லூக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாரன்ஸை, குறைந்தது இரண்டு இரவு அங்கேயே தங்கிப் பார்க்கும் இன்னொரு பயணத்துக்கு விட்டுவைப்பதுதான் அந்த ஊருக்கு நியாயம். மறுபடி இந்தப் பக்கம் வரவே வாய்ப்பில்லை என்பவர்களுக்காக ஃபிளாரன்ஸ் போகும் வழியையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இத்தாலியில் கரையிறங்க, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கப்பல் நடுவில் துனிசியா, துருக்கி போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டுக்குப் போய்த் திரும்பி வருமானால், பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

பீசா கோபுரத்தில் ஏற ஆசை இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். ஒரு நேரத்துக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து அனுப்புகிறார்கள். கோடையில் நேரில் போய்க் கேட்டால் மாலை நேரம்தான் கிடைக்கும், அதற்குள் உங்கள் கப்பல் சங்கு ஊதிவிடும். கப்பல் கரை சேரும் நேரத்திலிருந்து குறைந்தது மூன்று மணி நேரம் தள்ளி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யார் ஏறுவது, யார் கீழே இருந்து பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்துக்கொண்டால் அங்கே போய் அழுகை இருக்காது.

ரயில் டிக்கெட்டை இப்போதே வாங்க வேண்டியதில்லை. இந்தத் தடத்தில் நீங்கள் ஏறப்போவது ரெஜியோனாலே எனப்படும் வட்டார ரயில்கள். இருக்கை முன்பதிவு கிடையாது. அன்றைக்கு வாங்கினாலும் ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஒரே விலைதான்.

அதைவிட முக்கியம், அந்த நாளில் ரயில் வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இத்தாலியில் ஷோப்பெரோ என்று சொல்லப்படும் இந்த வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில ரயில்கள் கட்டாயம் ஓடும். கப்பல் பயணிக்கு மாலை ஆறுக்கு மேல் ஓடும் ரயிலால் பயனில்லை. அப்படி ஒரு நாளாக அமைந்துவிட்டால் தயங்காமல் கப்பல் சுற்றுலாவுக்கே பணம் கட்டிவிடுங்கள்.

முந்தின நாள் இரவு கப்பலில் மறுநாளைக்கான தாள் வரும், அல்லது செயலியில் போடுவார்கள். அதில் மூன்று விஷயங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக ஏற வேண்டிய நேரம், கரையில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண், கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றுதானா என்ற குறிப்பு. கப்பல் கிளம்பும் நேரம் வேறு, கடைசியாக ஏறும் நேரம் வேறு. பின்னது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே இருக்கும். கணக்கெல்லாம் அதை வைத்துத்தான் போட வேண்டும்.

கடவுச்சீட்டைக் கப்பல் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்றால் அதைச் சட்டைக்குள் அணியும் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். வாங்கி வைத்திருந்தால் முதல் பக்கம், விசா பக்கம் இரண்டின் நகல் போதும். கப்பல் அட்டை இல்லாமல் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கப்பலிலிருந்து ரயில் நிலையம் வரை

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த நான்கைந்து கிலோமீட்டரில்தான்.

லிவோர்னோ ஒரு சரக்குத் துறைமுகம். கப்பல் படியிலிருந்து இறங்கினால் எதிரே கன்டெய்னர் அடுக்குகளும் ஓடிக்கொண்டே இருக்கும் லாரிகளும்தான். அதற்குள் கால்நடையாகப் போக அனுமதி இல்லை. சிறிய கப்பல்கள் சில நேரம் ஊருக்கு அருகிலேயே நிறுத்தப்படும், மற்றபடி கப்பலுக்கும் ஊருக்கும் இடையே ஓடும் பேருந்தில் ஏறித்தான் வாயிலுக்கு வெளியே போக வேண்டும். சில கப்பல்கள் இதற்குத் தனியாகச் சில யூரோ வாங்கும். இந்தப் பேருந்து ஊர் நடுவில் வியா கோகொரானோ என்ற தெருவில் இறக்கிவிடும். இறங்கியதும் அந்த நிறுத்தத்தையும் அங்கே ஒட்டியிருக்கும் திரும்பும் நேர அட்டவணையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை உணவை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இந்தப் பேருந்துக்கு வரிசை கட்டுவார்கள். கப்பல் கரை சேர்ந்து இறங்க அனுமதி கிடைத்த முதல் அரை மணியில் நீங்கள் கீழே இருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

வியா கோகொரானோவிலிருந்து நாலைந்து நிமிட நடையில் பியாட்சா கிராண்டே என்ற பெரிய சதுக்கம் வரும். ஒரு பக்கம் ஊரின் தேவாலயம், சுற்றிலும் நகரப் பேருந்து நிறுத்தங்கள். இங்கிருந்து லிவோர்னோ சென்ட்ராலே ரயில் நிலையம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பேருந்து டிக்கெட்டை, டி என்ற பெரிய எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி கடைகளில் வாங்கலாம். பேருந்தில் ஏறியதும் அங்கிருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். எந்த வண்டி என்று குழப்பமாக இருந்தால் ஓட்டுநரிடம் "ஸ்தாட்ஸியோனே?" என்று கேட்டால் போதும், தலையசைத்துச் சொல்லிவிடுவார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிலையம். நான்கு பேராக இருந்தாலோ, பெரியவர்கள் உடன் வந்தாலோ டாக்ஸி எடுத்துவிடுங்கள். ஏறுமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலையத்தில் டிக்கெட் இயந்திரங்கள் இருக்கும், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். "உதவி செய்கிறேன்" என்று பக்கத்தில் வந்து பொத்தானை அழுத்துகிறவர்கள் நிலைய ஊழியர்கள் அல்ல. மீதிக் காசைக் கேட்பார்கள், அல்லது உங்கள் கவனம் திரையில் இருக்கும்போது பையில் கை வைப்பார்கள். "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகித் தேதியும் நேரமும் குத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஏறினால் கையில் டிக்கெட் இருந்தாலும் அபராதம்தான். சுற்றுலாப் பயணி என்று சலுகை காட்டமாட்டார்கள். கைபேசியில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் ரயிலின் கடைசி நிறுத்தம்தான் பெரிதாக இருக்கும். பீசா போகிறவர் "பீசா" என்ற பெயரைத் தேடிக்கொண்டே நின்றால் இரண்டு ரயில் போய்விடும். ஃபிரென்ஸே எஸ்.எம்.என். என்று போட்டிருக்கும் ரயில் ஃபிளாரன்ஸுக்குப் போவது, அது பீசா வழியாகத்தான் போகும். மஞ்சள் நிற அட்டவணைத் தாள் புறப்படும் ரயில்களுக்கு, வெள்ளை நிறத் தாள் வந்து சேரும் ரயில்களுக்கு. பினாரியோ என்பது நடைமேடை எண். ரித்தார்தோ என்ற தலைப்பின் கீழ் எண் வந்தால் அத்தனை நிமிடம் தாமதம்.

காலை: பீசா

பீசா சென்ட்ராலேயில் இறங்கினால் கோபுரம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊரின் மறுகோடியில் இருக்கிறது. பேருந்து உண்டு. நான் நடக்கத்தான் சொல்வேன். நிலையத்துக்கு எதிரிலேயே, சாந்த் அந்தோனியோ தேவாலயத்தின் பக்கத்தில், அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1989இல் வரைந்த பெரிய சுவரோவியம் இருக்கிறது. அங்கிருந்து கடைத்தெரு வழியே நேராக நடந்தால் ஆர்னோ ஆற்றுப் பாலம், பாலம் தாண்டினால் வளைவு மண்டபங்களுக்குக் கீழே கடைகள் அமைந்த போர்கோ ஸ்த்ரெத்தோ. சற்று உள்ளே திரும்பினால் பியாட்சா தெய் கவாலியேரி என்ற சதுக்கம். நெப்போலியன் 1810இல் தொடங்கிவைத்த புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான ஸ்குவோலா நொர்மாலே இந்தச் சதுக்கத்து அரண்மனையில்தான் நடக்கிறது. இருபத்தைந்து நிமிட நடை. கோபுரத்தை மட்டும் படம் எடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிப்போகும் கூட்டம் இந்த ஊரைப் பார்ப்பதே இல்லை. கலிலியோ 1564இல் பிறந்த ஊர் இது.

தெரு முடிந்து புல்வெளி விரியும் இடத்தில் தேவாலயம், வட்ட வடிவ ஞானஸ்நானக் கூடம், கோபுரம், நீண்ட மதிலுக்குப் பின்னால் கல்லறை மண்டபம் என்று நான்கு வெள்ளைக் கட்டடங்களும் சேர்ந்து தெரியும். இந்த வளாகம் 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

சாய்ந்த கோபுரம் உண்மையில் பக்கத்துத் தேவாலயத்தின் மணிக்கூண்டு. 1173இல் கட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது தளம் எழும்பும் முன்பே ஒரு பக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டது, காரணம் அடியில் இருக்கும் இளகிய களிமண். சண்டை சச்சரவுகளால் வேலை நின்று ஏறக்குறைய நூறு ஆண்டு அப்படியே கிடந்தது. அந்த இடைவெளியில் மண் அமுங்கி இறுகியதால்தான் கோபுரம் தப்பித்தது என்கிறார்கள் பொறியாளர்கள். தொடர்ந்து கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும். பிறகு வேலையைத் தொடர்ந்தவர்கள் சாய்வைச் சரிக்கட்ட மேல்தளங்களை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். தள்ளி நின்று உற்றுப் பாருங்கள், கோபுரம் நேர்கோட்டில் சாயாமல் லேசாக வளைந்திருப்பது தெரியும்.

1990இல் விழுந்துவிடும் என்ற பயத்தில் மூடினார்கள். வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை எடையாக வைத்தார்கள். பிறகு அதே பக்கத்து அடிமண்ணைக் குழாய் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தார்கள். ஐந்தரை பாகை இருந்த சாய்வு நான்கு பாகை அளவுக்குக் குறைந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். உலகமே ரசிக்கும் சாய்வை முழுக்க நிமிர்த்தாமல், விழாத அளவுக்கு மட்டும் நிமிர்த்திவிட்டு நிறுத்திய அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஏறும்போது கவனியுங்கள். சுருள் படிக்கட்டின் பளிங்குப் படிகள் நடந்து நடந்து குழிந்துபோயிருக்கும், குழி எல்லாப் படியிலும் நடுவில் இருக்காது. சாய்வுப் பக்கம் போகும்போது உடம்பு வெளிச்சுவரை நோக்கித் தள்ளப்படும், மறுபக்கம் வரும்போது உள்சுவரை நோக்கி. எண்ணூறு ஆண்டுகளாக ஏறியவர்களுக்கும் அப்படித்தான் தள்ளியிருக்கிறது. அதனால் குழியும் இடம் மாறி மாறி விழுந்திருக்கிறது. படிகள் 250க்கு மேல், மின்தூக்கி இல்லை. மூட்டுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம். கைப்பை உட்பட எல்லாவற்றையும் பொருள் காப்பறையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கோபுரத்தில் ஏறாதவர்களுக்கு நான் சொல்வது ஞானஸ்நானக் கூடம். ஊழியர் ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று சில ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பாடுவார். ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது சேர, ஒரே குரல் பல குரலாகக் கூரைக்குள் சுழலும். சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய விருந்து. நிக்கோலா பிசானோ 1260இல் செதுக்கி முடித்த பளிங்குப் பிரசங்க மேடையும் அங்கேயே இருக்கிறது. தேவாலயத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. மற்றக் கட்டடங்களில் ஒன்றுக்கு டிக்கெட் வாங்கினாலே அனுமதி உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், துப்பட்டா ஒன்று கையில் இருந்தால் கவலையில்லை. உள்ளே தொங்கும் வெண்கல விளக்கின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கலிலியோ ஊசல் விதியைக் கண்டார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இப்போது தொங்கும் விளக்கு அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பின்னால் வந்தது.

வளாகத்தைச் சுற்றிப் போலி முத்திரை போட்ட கைப்பை, கைக்கடிகாரம் விற்பார்கள். இத்தாலியில் போலிப் பொருளை வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு. கையில் கயிறு கட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களிடமும் கையை நீட்டாதீர்கள்.

பிற்பகல்: லூக்கா

கோபுரத்திலிருந்து பீசா சென்ட்ராலேவுக்குத் திரும்பி நடக்க வேண்டாம். மேற்குப் பக்க வாயிலைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் பீசா சான் ரொஸ்ஸோரே என்ற சிறிய ரயில் நிலையம். லூக்கா போகும் ரயில்கள் அங்கே நிற்கும். அரை மணிக்குள் லூக்கா போய்விடலாம். இந்த நிலையம் தெரியாமல் பலர் ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

லூக்கா நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதற்கப்பால் செங்கல் மதில். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய இந்த மதில் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சுற்றளவில் ஊரை முழுக்கச் சூழ்ந்து நிற்கிறது, ஓரிடத்திலும் அறுபடாமல். எந்தப் படையும் இதைத் தாக்கியதில்லை. 1812இல் செர்க்கியோ ஆறு கரை புரண்டபோது கதவுகளைச் சாத்தி வெள்ளத்தைத்தான் இந்த மதில் தடுத்தது. பின்னால் மேலே மரம் வைத்து நடைபாதையாக்கிவிட்டார்கள். அகலம் ஒரு சாலை அளவுக்கு இருக்கும், வண்டிகள் கிடையாது. சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு சுற்றுச் சுற்ற அரை மணி போதும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்த நாளின் நல்ல பொழுது இதுதான். உள்ளே ஊரின் ஓட்டுக் கூரைகள், வெளியே தூரத்து மலைகள்.

மதிலிலிருந்து இறங்கி உள்ளே போனால் பியாட்சா தெல் அன்ஃபிதேயாத்ரோவை விட்டுவிடாதீர்கள். ரோமானியர் காலத்து வட்டரங்கம் இருந்த இடம் அது. அரங்கம் இடிந்தபின் அதன் வளைவுச் சுவர்களையே பின்சுவராக வைத்து மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால் சதுக்கம் முட்டை வடிவில் இருக்கிறது, நுழைவதும் பழைய அரங்க வாயில்கள் இருந்த இடங்கள் வழியாகத்தான். அதற்கு அருகில் குவினீஜி கோபுரம், உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்து நிற்கும். பீசாவில் ஏறாதவர்கள் இங்கே ஏறலாம், இங்கும் 200க்கு மேல் படிகள்.

நேரம் இருந்தால் சான் மார்தீனோ தேவாலயம். இலாரியா தெல் கர்ரெத்தோ என்ற இளம்பெண் 1405இல் இறந்தபோது அவள் கணவன், ஊரை ஆண்ட பாவோலோ குவினீஜி, சிற்பி யாக்கொபோ தெல்லா குவேர்ச்சாவைக் கொண்டு செதுக்கிய பளிங்குக் கல்லறை அங்கே இருக்கிறது. உயர்ந்த கழுத்துப்பட்டி வைத்த அங்கியோடு அவள் உறங்குவதுபோல் கிடக்க, காலடியில் ஒரு சிறிய நாய் தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இசைமேதை புச்சீனி 1858இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

திரும்பும் கணக்கு: லூக்காவிலிருந்து பீசா சென்ட்ராலே வந்து அங்கே மாறி லிவோர்னோ. ரயில் கிடைப்பதைப் பொறுத்து ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி வரை ஆகும். கடைசியாக ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே லிவோர்னோ நிலையத்தில் இருக்க வேண்டும். மாலை 6.30க்குக் கப்பலில் இருக்க வேண்டும் என்றால் லூக்காவை மூன்று மணிக்கெல்லாம் விட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையில் ரயில்கள் குறைவு, இன்னும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபிளாரன்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு

லிவோர்னோவிலிருந்து நேர் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். போக, வர, துறைமுகம் தாண்ட என்று கழித்தால் ஊரில் கிடைப்பது ஐந்து மணி நேரம். கப்பல் காலை எட்டுக்குப் பின் வந்தாலோ மாலை ஆறுக்கு முன் கிளம்பினாலோ எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பெரிய தேவாலயம். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420இல் தொடங்கி 1436இல் முடித்த குவிமாடத்தைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், மேலே ஏற 463 படியும் வரிசையும் சேர்ந்து உங்கள் நாளைத் தின்றுவிடும். எதிரே ஞானஸ்நானக் கூடத்தின் பொன்னிறக் கதவுகள் நகல்கள், சிற்பி கிபெர்த்தியின் அசல் கதவுகள் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே நடந்தால் பியாட்சா தெல்லா சிக்னோரியா. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை முதலில் நின்ற இடம். இப்போது நிற்பது நகல். அசல் அக்காதேமியா அருங்காட்சியகத்தில். பிறகு 1345இல் கட்டிய பொந்தே வெக்கியோ பாலம், அதன் மேல் வரிசையாக நகைக்கடைகள்.

அருங்காட்சியகம் என்றால் ஒன்றே ஒன்று, அதுவும் முன்பதிவோடு. உஃபீட்சி, அக்காதேமியா இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வாடகைக் கார் எடுத்துப் போக நினைக்காதீர்கள். இந்த ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்து, மாதங்கள் கழித்து உங்கள் வீட்டுக்கு அபராதச் சீட்டு வரும்.

லிவோர்னோவிலேயே இருந்துவிட்டால்

கைக்குழந்தையோ நடக்க முடியாத பெரியவர்களோ உடன் இருந்தால் இந்த ஊரே போதும். ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பம் உருவாக்கிய துறைமுகம் இது. 1590களில் எந்த மதத்தவரும் எந்த நாட்டவரும் இங்கே வந்து குடியேறி வணிகம் செய்யலாம் என்று சட்டம் போட்டார்கள். யூதர்கள், ஆர்மீனியர்கள், கிரேக்கர்கள் எல்லோரும் வந்தார்கள். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் இங்கே பட்டை தீட்டப்பட்டு இந்தியாவுக்குப் போனது, பதிலுக்கு வைரம் வந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அது இந்தப் பவள வணிகம் நம் பக்கம் விட்டுப்போன பெயர். துறைமுகத்தருகில் இருக்கும் குவாத்ரோ மோரி சிலையையும் பாருங்கள். மெதிச்சி குடும்பத்துப் பெருங்கோமகன் ஃபெர்தினாந்தோவின் பளிங்குச் சிலைக்குக் கீழே, சங்கிலியில் பிணைத்த நான்கு வெண்கல அடிமைகள். வணிகச் சுதந்திரம் பேசிய அதே துறைமுகத்தில் அடிமை வணிகமும் நடந்திருக்கிறது.

வெனீட்சியா நுவோவா என்ற கால்வாய்ப் பகுதியில் படகு போகும். 1894இல் திறந்த இரும்புக் கூரைச் சந்தையில் காலையில் மீனும் காய்கறியும் குவிந்திருக்கும். கடலோரத்தில் தெராட்சா மஸ்காஞ்னி என்ற சதுரங்கக் கட்டம் போட்ட பரந்த நடைமேடை இருக்கிறது.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லிவோர்னோ ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறது. தோர்த்தா தி சேச்சி என்று கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம். முட்டை, பால், வெங்காயம் எதுவும் இல்லை. மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, மேலே மிளகுத் தூள். அதையே ரொட்டிக்குள் வைத்து வேண்டுமென்றால் சிங்குவே எ சிங்குவே என்று கேளுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரின் கச்சூக்கோ என்ற மீன் குழம்பு.

மற்ற ஊர்களில் பீட்சா மரினாரா சீஸ் இல்லாதது, பாஸ்தா அல் பொமதோரோ தக்காளி மட்டும் போட்டது. "சென்ஸா கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம். மீனும் வேண்டாம் என்றால் "சென்ஸா பேஷே" என்று தனியாகச் சொல்லுங்கள், கார்னே என்பதில் மீனைச் சேர்க்கமாட்டார்கள். உணவகங்களில் சமையல் மதியம் இரண்டரைக்கெல்லாம் நின்றுவிடும். லூக்காவில் சாப்பிடுவதாக இருந்தால் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பில்லில் கோபெர்த்தோ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும், அது வழக்கமான மேசைக் கட்டணம். காப்பி நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. லூக்காவில் புச்செல்லாத்தோ என்ற உலர்திராட்சையும் சோம்பு வாசனையும் கலந்த இனிப்பு ரொட்டி கிடைக்கும். கப்பலுக்குக் கொண்டுபோக ஏற்றது, இரண்டு நாள் கெடாது.

கப்பலைத் தவறவிட்டால்

ரயில் நின்றுவிட்டது, நேரம் போதாது என்று தெரிந்த நொடியே துறைமுக முகவரை அழையுங்கள். சொந்தமாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருப்பது அரிது, ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போட வாய்ப்பாவது உண்டு. பீசாவில் மாட்டிக்கொண்டால் ரயிலுக்குக் காத்திராமல் நேரே துறைமுகத்துக்கு டாக்ஸி பிடியுங்கள், 20 கிலோமீட்டர்தான்.

கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். அது சிவித்தவெக்கியாவாகவோ ஜெனோவாவாகவோ இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. இரண்டும் லிவோர்னோ நிற்கும் அதே கடற்கரை ரயில் தடத்தில் இருக்கின்றன, மாலையிலேயே ரயில் ஏறி இரவு அங்கே தங்கிவிடலாம். மார்சேய், பார்சிலோனா என்றால் நாடு கடக்க வேண்டும், விடுதியில் அறை எடுக்கவும் கடவுச்சீட்டு கேட்பார்கள். கப்பலில் விட்டுவந்திருந்தால், பல கப்பல்களில் கிளம்பும் முன் வராத பயணியின் அறையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அதனால் நேரே விடுதியைத் தேடிப் போகாமல், முதலில் முகவரின் அலுவலகத்துக்குப் போங்கள்.